ஐ7 இருக்கட்டும்ணே, ராம் எவ்வளவு?

“கோடிங் படிக்கிறேன், ஒரு சிஸ்டம் வேணும்ணே” என்று புதுவையிலோ கடலூரிலோ ஒரு கடைப்படி ஏறினால், வருகிற பதில் பெரும்பாலும் இதுதான்: “ஐ7 இருக்கு தம்பி, கிராபிக்ஸ் கார்டோட தரேன். எதைப் போட்டாலும் பறக்கும்.” கண்ணாடி கேபினெட்டுக்குள் சிவப்பும் நீலமுமாக ஃபேன் சுற்றும். பையனுக்குப் பிடித்துவிடும். அப்பா விலையைக் கேட்பார். எந்தத் தலைமுறை ஐ7 என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

2012இல் வந்த ஐ7-3770 பிராசஸரில் நான்கு கோர், எட்டு த்ரெட். 2022இல் வந்த ஐ3-12100லும் அதே நான்கு, அதே எட்டு. ஆனால் கோருக்குக் கோர் வைத்துப் பார்த்தால் பின்னது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். பழைய பிராசஸரைப் பழைய போர்டில் செருகி, புதுக் கேபினெட்டில் மாட்டி, ‘அசெம்பிள்டு ஐ7’ என்று விற்பது இன்றைக்கும் நடக்கிற வியாபாரம். பொய் என்று சொல்ல முடியாது. அது ஐ7தான்.

எந்த சிஸ்டம் வாங்குவது என்ற கேள்வி கிருமாம்பாக்கத்தில் ஆண்டுதோறும் எழும். புதுவை–கடலூர் சாலையில், பாகூர் கொம்யூனுக்குள் இருக்கிற ஊர். ராஜீவ் காந்தி பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் பாகூர் ஏரி பாய்கிற நெல்வயல், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் கடல். விவசாயமும் கம்பெனி வேலையும் பார்க்கிற வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாக கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வருகிற பிள்ளைகள் நிறைய. அந்த வீடுகளில் 25,000 ரூபாய் என்பது யோசித்து எடுக்கிற பணம். கடைக்காரர் கை காட்டுகிற இடத்தில் அதைக் கொட்டிவிடக் கூடாது.

கோடு எழுதுகிறவரின் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், பணத்தை எங்கே போடுவது என்று தெரிந்துவிடும். ஒரு சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்டைத் திறந்து பாருங்கள். அதன் லைப்ரரி ஃபோல்டருக்குள் 30,000 குட்டி ஃபைல்கள் இருப்பது சர்வ சாதாரணம். பழைய ஹார்ட் டிஸ்கில் ஊசிமுனை ஒவ்வொரு ஃபைலுக்கும் இடம் மாற வேண்டும். அதற்குச் சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். ஆக நொடிக்கு நூறு ஃபைல். 30,000 ஃபைலுக்கு 300 நொடி, அதாவது ஐந்து நிமிடம். எஸ்எஸ்டி நொடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும். அந்த ஐந்து நிமிடம் சில நொடிகளாகச் சுருங்கிவிடும். எந்த ஐ7ஐப் போட்டாலும் ஹார்ட் டிஸ்கோடு இது நடக்காது. சாட்டா எஸ்எஸ்டியா என்விஎம்இயா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. விலை ஒன்றானால் என்விஎம்இ; போர்டில் அந்தச் சொருகி இல்லையென்றால் சாட்டாவே போதும். 256 ஜிபி சீக்கிரம் நிறைந்துவிடும், 512 இருந்தால் நிம்மதி.

அடுத்தது ராம். விஎஸ் கோடு மட்டும் என்றால் 1 ஜிபி போதும் என்கிறது மைக்ரோசாஃப்ட். ஆனால் யார் அதை மட்டும் திறந்து வைக்கிறார்கள்? பக்கத்தில் பிரவுசரில் இருபது டேப், ஒரு டேட்டாபேஸ், பின்னால் யூடியூப் பாடம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு 8 ஜிபி குறைந்தபட்சம். எமுலேட்டரும் ஓட வேண்டுமானால் 16 என்று கூகுளே சொல்கிறது. ராம் நிறைந்ததும் சிஸ்டம் மிச்சத்தை டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கத் தொடங்கும். மவுஸ் நகரும், எழுத்து நகராது. 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள்.

இங்கேதான் இப்போது சிக்கல். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. உலகம் முழுக்க ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். வீட்டு உபயோகத்துக்கு க்ரூஷியல் என்ற பெயரில் ராம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்துவிட்டது. பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்வதுதான் மலிவு என்று அண்ணன்மார் சொல்லிவந்த கணக்கு அதோடு ஆட்டம் கண்டுவிட்டது.

அதே 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக, ஒருசில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முன்னால் உள்ளதை ஏற்காது. ஆகவே பெரிய கம்பெனிகள் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 பெட்டிகளைக் கழித்துக்கட்டுகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று அவை சென்னை ரிச்சி தெருவில் இறங்கி, அங்கிருந்து நம் பக்கத்துக் கடைகளுக்கும் வருகின்றன. உள்ளே ராம் ஏற்கெனவே இருக்கிறது. இன்றைய நிலவரத்தில் அதுதான் விஷயம்: பெட்டியை வாங்குங்கள், ராமும் கூட வரும்.

விண்டோஸ் கட்டாயமானால் எட்டாம் தலைமுறை ஐ5-8500 போடப்பட்டதைத் தேடுங்கள், ஆறு கோர். லினக்ஸ் போதும் என்றால் நான்கு கோர் ஐ5-6500 இன்னும் மலிவு, கல்லூரிப் பாடத்துக்குத் தாராளம். டாக்கர் படிப்பவர்களுக்கு லினக்ஸில் இன்னொரு லாபம். விண்டோஸில் அது ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடி ராமைத் தின்னும். லினக்ஸில் நேராகவே ஓடும். லினக்ஸ் என்றதும் பயந்தால், புதுவையில் எஃப்எஸ்எச்எம் என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பு இருக்கிறது, விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி இருக்கிறது. தமிழிலேயே படிக்க ‘கணியம்’ மின்னிதழ்.

இந்தப் பெட்டிகளில் ஒரு குறை உண்டு. போர்டும் பவர் சப்ளையும் அந்தந்தக் கம்பெனி அளவில் செய்தவை. பழுதானால் கடையில் கிடைக்கிற எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. ஒல்லிப் பெட்டியில் பெரிய கார்டும் நுழையாது. உள்ளங்கை அளவு ‘மைக்ரோ’ பெட்டி என்றால் லேப்டாப் ராம்தான் பொருந்தும்.

புதிதாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. இன்டெல்லில் பெயருக்குப் பின்னால் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜியில் உண்டு, ரைசன் 5 5500இல் இல்லை. கொஞ்சம் பணம் மிச்சம் என்று இல்லாததை வாங்கினால் திரையில் படம் வரவே ஒரு கார்டு வாங்க வேண்டியிருக்கும். மற்றபடி கோடு எழுத கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. மெஷின் லேர்னிங் பாடம் வந்தால் கூகுள் கோலாப் இலவசமாகவே ஜிபியு தருகிறது, நேரக் கட்டுப்பாட்டோடு. படிக்க அது போதும். விளையாடத்தான் கார்டு என்றால் அதைப் பெயர் சொல்லியே வாங்கலாம், படிப்பின் தலையில் கட்ட வேண்டாமே.

மிச்சமாகிற பணம் திரைக்குப் போகட்டும். 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர், பழையதானாலும் சரி.

இனி யூடியூப் விமர்சகர்கள் சொல்லாதது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் வயர் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் கேபினெட்டை வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கும். “சிபியுல ஷாக் அடிக்குது” என்று பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அங்கே ஒன்றுமிருக்காது. பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டுகிற சின்னக் கெப்பாசிட்டர்கள் கசியவிடுகிற மின்சாரம் அது. எர்த் இருந்தால் அதன் வழியே போகும், இல்லாவிட்டால் உங்கள் வழியே போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுவதை கம்ப்யூட்டர் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே 600 விஏ யூபிஎஸ் ஒன்று. சேவ் செய்து நிறுத்துகிற அவகாசம் கிடைத்தால் போதும்.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் ராமின் பொன்னிற முனைகளில் படியும். ஒரு நாள் காலையில் பெட்டி பீப் பீப் என்று கத்தும், திரை கருப்பாகவே நிற்கும். ராமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளையின் ரப்பரால் முனைகளை மெல்லத் தேய்த்து, தூசியை ஊதித் திரும்பச் செருகினால் பாதிக்குமேல் சரியாகிவிடும். இதற்கு 500 ரூபாய் கேட்கிறவர்களும் உண்டு. பெட்டியைத் தரையிலும் வைக்காதீர்கள். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

தினமும் பஸ்ஸில் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்களுக்கு லேப்டாப்தான். அவர்களும் பழைய திங்க்பேட், லாட்டிட்யூடு வகையையே பார்க்கலாம். பேட்டரி போயிருக்கும் என்று வைத்தே விலை பேச வேண்டும்.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடையிலேயே அதிலிருந்து பூட் செய்து காட்டச் சொல்லுங்கள். பிராசஸரின் முழுப் பெயர், ராம் அளவு, டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது எல்லாம் அதில் தெரிந்துவிடும். பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் வேறு பெட்டி பாருங்கள். ராம் ஒரே குச்சியாக இருந்து இன்னொரு சொருகி காலியாக இருந்தால் நல்லது, பின்னால் சேர்க்கலாம். வாரண்டியை வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதி வாங்குங்கள். சில பழைய ஆப்டிபிளெக்ஸ்களில் டிஸ்பிளேபோர்ட்தான் இருக்கும், எச்டிஎம்ஐ இருக்காது. அப்படியானால் அதற்கான அடாப்டரையும் அந்த விலைக்குள்ளேயே கேளுங்கள், கொடுப்பார்கள்.