எழுத்துத் தெரிந்தால் போதாது

சுகர் உள்ளவர்களைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் நெல்லைப் பக்கம் அநேகமாக வரும் பதில் இதுதான்: "எழுத்தெல்லாம் நல்லாத்தானே தெரியுது, பொறவு எதுக்கு அண்ணாச்சி?" கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிடுகிற கண்ணுக்குள்ளும் விழித்திரை கெட்டுக்கொண்டிருக்கலாம்.

விழித்திரை என்பது மூளையின் ஒரு துண்டு. அங்கே ஒளியைப் பிடிக்கும் குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடி. மூளைக்குப் போகும் நரம்பிழைகளோ சுமார் 10 லட்சம். எதை அனுப்புவது, எதை விடுவது என்று இடையிலுள்ள நரம்பணுக்கள்தான் முடிவு செய்கின்றன. கோடகன் கால்வாயில் மடை பார்ப்பவர் வயலுக்கு வயல் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பதைப் போல, அமக்ரைன் என்ற செல்கள் சோமாடோஸ்டாட்டின், சப்ஸ்டன்ஸ் பி முதலிய பெப்டைடுகளை, அதாவது சின்னப் புரதத் துணுக்குகளைக் கசியவிட்டு மூளைக்குப் போகும் சமிக்ஞைகளைச் சீராக்குகின்றன. நரம்பணுக்கள் மிகையான தூண்டலில் சாகாமல் காப்பதும் சோமாடோஸ்டாட்டினின் வேலை. சர்க்கரை நோயில் விழித்திரையில் அதன் அளவு தொடக்கத்திலேயே குறைந்துவிடுகிறது. ரத்தக்குழாய்க் கசிவு விழித்திரைப் படத்தில் தெரியும் முன்பே சிலருக்கு நரம்புச் சுற்று தடுமாறத் தொடங்குகிறது. அப்போதும் பலகை எழுத்து தெளிவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் அந்தப் பெப்டைடையே சொட்டு மருந்தாக விட்டால் என்ன? ஐரோப்பாவில் 449 பேர் கலந்துகொண்ட இரண்டாண்டுச் சோதனையில் ஒரு பிரிவினருக்கு விட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. மொத்தத்தில் பலன் நிரூபணமாகவில்லை. நரம்புத் தடுமாற்றம் ஏற்கெனவே இருந்தவர்களிடம் மட்டும் அது மேலும் மோசமாகாமல் நின்றது. நல்ல தடயம்தான், ஆனால் இன்னும் மருந்தாகவில்லை. ஆகவே 'பெப்டைடு', 'விழித்திரை நரம்புக்குப் புத்துயிர்' என்று கைப்பேசியில் விளம்பரம் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள். சர்க்கரை நோய், கண்புரை, கண் நீர் அழுத்த நோய், பார்வையிழப்பு ஆகியவற்றைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம்.

இரண்டாம் வகை சர்க்கரை என்று தெரிந்த உடனேயும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும், மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சுகர் உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. ஜங்ஷன் பக்கம் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவரும். விழித்திரைப் பரிசோதனைக்கு நாம்தான் போக வேண்டும். திரும்பும்போது சில மணி நேரம் பார்வை மங்கும், பைக் ஓட்ட வேண்டாம். திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை இறங்கினாற்போல் ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

நோய் முற்றிவிட்டால் லேசர், அல்லது கண்ணுக்குள் ஊசி. ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை 'புதுக் குழாய் வேண்டும்' என்று ஒரு புரதத்தின் மூலம் செய்தி அனுப்பும். அப்படி முளைக்கும் வலுவற்ற குழாய்களிலிருந்துதான் ரத்தம் கசியும். ஊசி அந்தச் செய்தியை மறிக்கிறது. இங்கேதான் கேள்வி கேட்கத் தயங்கக் கூடாது. இந்த ஊசிகளில் ஒன்றான பெவாசிசுமாப், புற்றுநோய்க்கென அனுமதிக்கப்பட்ட மருந்து. விலை குறைவு என்பதால் ஒரு குப்பியைப் பல ஊசிகளாகப் பிரித்துக் கண்ணுக்கும் போடுகிறார்கள். குஜராத்தில் சிலருக்குப் பாதிப்பு வந்ததால் 2016 ஜனவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது, மார்ச்சில் அதைத் திரும்பப் பெற்றது. பிரிக்கும் இடம் சுத்தமாக இருப்பது முக்கியம். எந்த மருந்து, பிரித்ததா, தொகுதி எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவம் புரியாத மொழியில் இருந்தால் விளக்கம் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். ஊசி போட்ட சில நாட்களில் வலி, சிவப்பு, மங்கல் வந்தால் தாமதம் கூடாது.

மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தால் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. எல்லாருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். தனியார் காப்பீடு வைத்திருப்போர் 'கண் ஊசிக்குக் கிடையாது' என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் அது இருக்கிறது. நிறுவனத்தின் குறைதீர் பிரிவு கைவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

பார்வை போய்விட்டது என்று அரசு ஊழியர் எவரும் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டாம். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. பார்க்கிற வேலைக்கு ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும்.