விண்மீன் கொத்துக்கு எடை போடுவது எப்படி? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய தொலைநோக்கி கண்ட விடை

கார்த்திகை விண்மீன்களைப் பார்த்திருப்பீர்கள். வெறும் கண்ணுக்கு ஆறேழுதான் தெரியும். உண்மையில் ஆயிரத்துக்கும் மேல். ஒரே வாயு மேகத்தில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. இதுதான் திறந்த விண்மீன் கொத்து. நம் சூரியனும் இப்படியொரு கொத்தில் பிறந்து பிரிந்து வந்திருக்கும் என்பதே பல வானியலாளர்களின் கணிப்பு. அதனால் கொத்துகளின் கதை நம்ம கதையும்தான்.

வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒவ்வொரு விண்மீனின் நிறத்தையும் ஒளியையும் ஒரே வரைபடத்தில் குறிக்கிறார்கள். நிறை கூடிய விண்மீன் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடும். சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். அதைவிட 10 மடங்கு நிறை கொண்டதற்கு 2 கோடி ஆண்டுகள் சொச்சம்தான். எந்த நிறை வரைக்கும் விண்மீன்கள் மிச்சமிருக்கின்றன என்று பார்த்தால் வயது கிடைத்துவிடும்.

சரி, எடை?

இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, தலைகளை எண்ணுவது. கையா விண்கலத்தின் தரவில் ஒன்றாக நகரும் விண்மீன்களைப் பிரித்தெடுத்து, ஒளியை வைத்து ஒவ்வொன்றின் நிறையையும் கணித்துக் கூட்டுகிறார்கள். ஆனால் மங்கலானவை விட்டுப்போகும். ஜோடிகள் ஒன்றாகத் தெரியும். ஆக, கூட்டுத்தொகை குறைவாகவே வரும்.

இரண்டாவது வழி, வேகம். விண்மீன்கள் எவ்வளவு வேகமாக அலைகின்றனவோ, அவற்றைப் பிடித்து வைக்க அவ்வளவு நிறை தேவை. ஆனால் ஜோடிகள் ஒன்றையொன்று சுற்றும் வேகமும் இதில் கலந்துவிட்டால், எடை கூடுதலாகக் காட்டும்.

எடை நிலையானதும் அல்ல. சுமார் 400 கோடி ஆண்டு வயதான எம்67 கொத்தை 2005-ல் கணினியில் உருவாக்கிப் பார்த்தார்கள். சுமார் 19,000 சூரிய நிறையுடன் தொடங்கிய கொத்து, கடைசியில் சுமார் 2,000-க்கு வந்து நின்றது. கனமான விண்மீன்கள் எரிந்து தீர்ந்தன. இலேசானவை பால்வெளியின் ஈர்ப்பில் நழுவிப்போயின.

கணக்கில் இடிக்கும் விண்மீன்கள்

முதிய கொத்துகளில் சில விண்மீன்கள் மட்டும் நீலமாக, இளமையாக மின்னும். வரைபடத்தின்படி அவை எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். தரவுப் பிழை என்று ஒதுக்கிவிடலாமா?

கூடாது. ஜோடி விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சி இளமை பெற்றிருக்கலாம் என்ற ஊகம் நெடுநாளாக உண்டு. பொருளை இழந்த துணை, சூடான சிறு உருண்டையாகப் புற ஊதாவில் ஒளிரும். அந்த ஒளியில் பெரும்பகுதியை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால், விண்வெளிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் கிளம்பியது. (சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 2022-ல் திருப்பதி மாவட்டம் உருவானபோது, இந்தத் தீவும் அதற்குள் வந்தது.) அதிலிருந்த புற ஊதாத் தொலைநோக்கியைக் கொண்டு, பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அன்னபூரணி சுப்பிரமணியம் குழு என்.ஜி.சி. 188 கொத்தை ஆராய்ந்தது. 2016-ல், ஒரு நீல விண்மீனின் பக்கத்தில் அந்தச் சூடான துணையைக் கண்டது. பிறகு எம்67-லும் இதுபோன்ற துணைகள் சிக்கின.

ஆக, கொத்தின் கணக்கு தனி விண்மீன்களோடு முடிவதில்லை. யார் யாரோடு ஜோடி, யார் யாரிடமிருந்து எவ்வளவு வாங்கினார் என்பதும் தெரிந்தால்தான் எடையும் வயதும் சரியாக வரும்.