எண்ணெயும் வரியும்: பழவேற்காட்டுப் படகுகள் கற்பிக்கும் கணக்கு

பயிர்த்தொழிலுக்குரிய இப்பத்திரிகையில் மீன்படகைப் பற்றி எழுதுவானேன் என்று குடியானவர்கள் கேட்கக்கூடும். கிணற்றில் நீர் இறைக்கும் எஞ்சினுக்கும் கடலில் படகை ஓட்டும் எஞ்சினுக்கும் தீனி ஒன்றே. அத்தீனியின்மீது சர்க்கார் விதிக்கும் வரியும், விட்டுக்கொடுக்கும் வரியும், நாம் எந்த எஞ்சினை வாங்குகிறோம், எவ்வளவு எரிக்கிறோம் என்பவற்றைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. இதைக் கண்கூடாகக் காண்பதற்குப் பழவேற்காட்டு ஏரிக்கரை ஏற்ற இடமாகும்.

திருவள்ளூர் ஜில்லா பொன்னேரித் தாலுகாவைச் சேர்ந்த பழவேற்காட்டை அடுத்துள்ள இவ்வேரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. இதன் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் முறைவைத்து வலையிடும் வழக்கத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். ஏரியில் கோல் ஊன்றியும் பாய் விரித்தும் தொழில் செய்யலாம். பெண்கள் முழங்கால் நீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்ப்பதும் உண்டு. இவற்றுக்கு எண்ணெய் வேண்டுவதில்லை. ஆனால் முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குச் செல்லும் நாரிழைப் படகு எஞ்சினின்றித் தொழிலுக்கு உதவாது.

சர்க்கார் வரி மீனவரின் தொழில்முறையை மாற்றுவது புதிதன்று. உப்புக்குத் தீர்வை இருந்த காலத்தில், அவ்விலை கொடுத்து உப்பு வாங்க இயலாதவர் குறைந்த உப்பிட்டு மீனை உலர்த்தினர். மீன் விரைவில் கெட்டது. அதனால் சென்னை மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீன் பதனிடும் முற்றங்கள் ஏற்படுத்தப்பட்டு, அவற்றினுள் தீர்வையில்லா உப்பு வழங்கப்பட்டது. உப்புத் தீர்வை 1947-ம் வருஷத்தில் நீங்கியது. அன்று உப்பு இருந்த இடத்தில் இன்று டீசல் இருக்கிறது.

டீசல் வரியின் தன்மையை நிலவரியைக் கொண்டு எளிதில் அறியலாம். விளைச்சலில் இத்தனை பங்கு என்பது வாரம். ஏக்கருக்கு இத்தனை ரூபாய் என்பது தீர்வை. 2020-ம் வருஷம் மே மாதத்துக்கு முன் தமிழ்நாட்டில் டீசல்மீது மதிப்புக் கூட்டு வரி நூற்றுக்கு 25 வீதம் இருந்தது. அது வாரம் போன்றது. விலை ஏறினால் வரி ஏறும், இறங்கினால் இறங்கும். உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ந்திருந்த அம்மாதத்தில், வரி நூற்றுக்கு 11 வீதமும், அதனுடன் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என மாற்றப்பட்டது. ஆக, பாதி வாரமும் பாதி தீர்வையுமாயிற்று. இதனால் விலை ஏறுங்காலத்தில் வாங்குவோருக்குச் சிறிது அனுகூலமும், இறங்குங்காலத்தில் சிறிது நஷ்டமும் உண்டு.

இவ்வரியிலிருந்து மீன்படகுகளுக்கு ஓர் அளவுவரை விலக்கு உண்டு. 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அவ்வளவு உயர்த்தி அறிவிக்கப்பட்டது. விசைப்படகுக்கு வருஷத்துக்கு 18,000 லிட்டராக இருந்தது 19,000 லிட்டராகவும், எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டராக இருந்தது 4,400 லிட்டராகவும் ஆயின. மேற்சொன்ன விகிதப்படி லிட்டருக்குரிய நிலையான வரியை மட்டும் கணக்கிட்டாலும், 4,400 லிட்டருக்கு 42,328 ரூபாய் மிச்சமாகிறது. சிறு படகுக்கு இது அற்பத்தொகையன்று.

ஆயினும் இத்தொகை யாரைச் சேருகிறது? கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “எண்ணெய்க்காசுதான் முதலில் போகும், ஐயா, மிச்சந்தான் எங்களுக்குப் பங்கு” என்றார். படகில் உழைப்போர் அனைவரும் படகுடையவர் அல்லர். எண்ணெய்ச் செலவைக் கழித்த பின்னரே பங்கு பிரிப்பதால், எண்ணெயின்மீதுள்ள வரியைப் படகில்லாத கூலியாளும் தாங்குகிறார். வரிவிலக்கோ படகின் பெயரால் வருகிறது. கணக்கில் விலக்கு விலை எழுதப்பட்டால்தான் அதன் பயன் அவருக்கும் எட்டும். பறியும் கையுமாக இறால் பிடிக்கும் பெண்ணுக்கு இவ்விலக்கினால் வரும்படி ஒன்றும் இல்லை.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மலிவான எண்ணெயில் சிக்கனம் தோன்றாது. இது நமது கிணறுகளுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 1990-ம் வருஷம் முதல் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணமில்லை. அது சிறு குடியானவரைக் காத்தது மெய்யே. ஆனால் கட்டணச் சீட்டு வராத இடத்தில், தேய்ந்த பம்பை மாற்றவேண்டுமென்ற எண்ணமும் எளிதில் வருவதில்லை. நீர்மட்டம் கீழே போனபின்பே நஷ்டம் தெரிகிறது.

சலுகை நிலையானது என்று நம்பி எஞ்சின் வாங்குவதும் ஆபத்து. மண்ணெண்ணெயே இதற்குச் சான்று. மலிவான மண்ணெண்ணெயை நம்பி அதில் ஓடும் எஞ்சினைக் கேரளக் கரையில் மிகுதியானோர் வாங்கினர். 2016-ம் வருஷம் முதல் பொது விநியோக மண்ணெண்ணெயின் விலை சிறுகச் சிறுக உயர்த்தப்பட்டது. பின்னர் மத்திய சர்க்காரின் மானியமும் நின்றது. எஞ்சின் மட்டும் கையில் நின்றது.

எரிபொருளை உபயோகிப்பதில் மட்டுமின்றி, சக்தியை உற்பத்தி செய்வதிலும் வரியின் பலன் தெரியும். ஏரிக்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தின் அருகில் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரிக்கின்றன. நிலக்கரிக்கு 2010-ம் வருஷத்தில் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய தனித்தீர்வை 2016-ல் 400 ரூபாயாயிற்று. எடைக்கு விதித்த தீர்வையாதலால், சாம்பல் மிகுந்த கரிக்கும் வெப்பம் மிகுந்த கரிக்கும் அது ஒன்றே. புன்செய்க்கும் நன்செய்க்கும் ஒரே தீர்வை விதித்தாற்போல. 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி அத்தீர்வை நீங்கி, சரக்கு சேவை வரி நூற்றுக்கு 5-லிருந்து 18 வீதமாயிற்று. எடைக்கு இருந்த பாரம் விலைக்கு மாறியது. அன்றே சூரியசக்திச் சாதனங்களின் வரி 12-லிருந்து 5 வீதமாகக் குறைந்தது. லட்ச ரூபாய்ச் சாதனத்தில் இது 7,000 ரூபாய்க் குறைவாகும். சூரியசக்தி பம்பு வைக்க எண்ணுவோர் இதனையும், 2019-ல் தொடங்கிய மத்திய சர்க்காரின் குசும் திட்ட மானியத்தையும் சேர்த்துக் கணக்கிடுக.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. எஞ்சினோ பம்போ வாங்குமுன், சலுகையுடன் ஒரு கணக்கும் சலுகையின்றி ஒரு கணக்கும் எழுதிப் பார்க்கவும். இரண்டாவதிலும் கட்டுப்படியாவதையே வாங்கவும்.

2. நாள்தோறும் எரித்த லிட்டரையும் செய்த வேலையையும் ஒரே நோட்டில் குறித்துவரவும். வேலை மாறாமல் எண்ணெய் மட்டும் கூடினால் எஞ்சினைச் செப்பனிடவேண்டும்.

3. பங்காளிகள் உள்ள தொழிலில், எண்ணெய்ச் செலவை உண்மையில் கொடுத்த விலைப்படியே எழுதவும்.

4. படகின் பதிவு சரியாக இல்லாவிடில் விலக்கு கைக்கு வாராது. கிராம அதிகாரிகள் தங்களிடம் வேண்டப்படும் சான்றுகளைத் தாமதமின்றி அளித்தல் வேண்டும். பருவம் தப்பிய விதை போன்றதே காலம் தப்பிய சான்றும்.

வரியை விதிப்பதும் நீக்குவதும் சர்க்காரின் பொறுப்பு. அது மாறும்போது நமது முதல் மூழ்காமல் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு. அதற்கு வேண்டுவது ஒரு நோட்டும் பென்சிலுமே.