சூதாட்டத் தொழிலுக்கு அனுமதி: தகுதி யாருக்கு? தீர்மானம் யாருடையது?

இடம்பெயர்ந்து வந்து, குத்தகைக் காணியில் வெங்காயம் செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு ஒரு போகத்தின் வருமானமே முழு இருப்பு. அது பந்தயக் கடையில் கரைந்தால் அடுத்த போகத்துக்கு விதை வாங்கவும் வழியில்லை. ஆகவே, இத்தொழிலை யார் நடத்தலாம், அதைத் தீர்மானிப்பவர் யார் என்பன எமக்கும் உரிய கேள்விகளே.

எமது நாட்டில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் சூதாட்டத்தைத் தடுக்க முனைந்தது. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் பந்தயம், சூதாட்டம் ஆகிய தொழில்களிடமிருந்து வரி அறவிட்டது. வரி கட்டுவது வேறு, அனுமதி பெறுவது வேறு. கசினோ நடத்த அமைச்சரின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. அனுமதி வழங்கலையும் கண்காணிப்பையும் ஒரு சபையிடம் ஒப்படைப்பதே அதன் நோக்கம்.

இத்தகைய அனுமதியில் முதலில் பார்க்க வேண்டியது விண்ணப்பதாரியின் தகுதி. கட்டடமும் முதலீடும் மட்டும் தகுதியாகா. அவர் நேர்மையானவரா? பணம் எங்கிருந்து வருகிறது? அவருக்குப் பின்னால் நிற்பவர் யார்? இவற்றுக்கு விடை வேண்டும்.

2013ஆம் ஆண்டளவில் கொழும்பில் பெரும் விடுதி அமைக்க முன்வந்த அவுஸ்திரேலியாவின் கிரவுண் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2015இல் ஆட்சி மாறியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2021 பெப்ரவரியில், சிட்னியில் கசினோ நடத்த அந்நிறுவனம் தகுதியற்றது என நியூ சவுத் வேல்ஸ் மாநில விசாரணை கண்டது. அதன் வங்கிக் கணக்குகளூடாகக் கறுப்புப் பணம் சலவை செய்யப்பட்டமை முக்கிய காரணங்களுள் ஒன்று. சிட்னியில் கட்டடம் எழும்பி ஹோட்டல் திறந்த பின்னரும், சூதாட்ட மண்டபம் 2022 ஆகஸ்ட் வரை திறக்கப்படவில்லை. நிறுவனம் தன்னைத் திருத்திக்கொண்ட பின், 2024இலேயே தகுதியானது என ஏற்கப்பட்டது. தகுதி ஒருமுறை பார்த்து முடிக்கும் காரியமல்ல என்பதை இது காட்டுகிறது.

அடுத்தது, அனுமதி கொடுப்பவரின் தற்றுணிபு அதிகாரம். விண்ணப்பத்தை ஏற்கவோ மறுக்கவோ, நிபந்தனை விதிக்கவோ அவருக்கு இடமுண்டு. ஆனால் அது அவர் விருப்பப்படி நடப்பதற்கான உரிமையன்று. எமது வடமேல் மாகாணத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. 1993ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் முதலமைச்சர் நியமனம் பற்றி எழுந்த பிரேமச்சந்திர எதிர் ஜயவிக்கிரம வழக்கில், கட்டுப்பாடற்ற தற்றுணிபு என ஒன்று பொதுச் சட்டத்தில் இல்லை, அது மக்களின் நன்மைக்காக நம்பிக்கையாக ஒப்படைக்கப்பட்டது என உயர் நீதிமன்றம் கூறியது. ஆளுநருக்குப் பொருந்துவது அமைச்சருக்கும் அதிகாரசபைக்கும் பொருந்தும்.

நாம் என்ன செய்யலாம்? ஊரில் இத்தகைய தொழில் வருமென அறிந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். அனுமதி உண்டா, யார் பெயரில், என்ன நிபந்தனைகள் எனத் தனித்தனியாகக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். வர்த்தக இரகசியம் எனச் சிலவற்றை மறுக்கலாம். அதற்கு மேன்முறையீடு உண்டு. அதிகாரம் சட்டத்துக்கு மாறாகப் பயன்பட்டால் நீதிமன்றில் எழுத்தாணை கோரலாம்.

பள்ளிவாசல், கோவில், தேவாலயம், மாதர் சங்கம், விவசாயச் சங்கம் யாவும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டால் அதன் பலம் பெரிது. கடை திறந்தபின் புலம்புவதைவிட, அனுமதிக்கு முன் கேட்பதே மேல். கடிதத்தின் பிரதியொன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.