அடைமானத்தைத் திரும்பக் கொடுத்தல்: அடிமைமுறைக்கான ஈடு பற்றிய இறையியல் வினா

அட்லாண்டிக் கடலைக் கடந்து நடைபெற்ற அடிமை வாணிகத்தில் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆப்பிரிக்க மக்கள் கப்பலேற்றப்பட்டனர். அவ்வாணிகமும் அதனைச் சார்ந்த தோட்ட அடிமைமுறையும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு நெடுங்காலமாயிற்று. எனினும் அவற்றால் விளைந்த இழப்புக்கு ஈடு செய்யப்பட வேண்டுமா என்னும் வினா ஓயவில்லை. 1969 மே மாதத்தில் ஜேம்ஸ் ஃபோர்மன் என்பார் நியூயார்க் நகர ரிவர்சைடு ஆலயத்தின் ஆராதனையினிடையே எழுந்து நின்று, அமெரிக்க வெள்ளையரின் சபைகளும் யூத ஆலயங்களும் 50 கோடி டாலர் ஈடு தரவேண்டுமெனக் கோரினார். கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பு 2013இல் இதற்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அரசுகளை நோக்கி எழும் இவ்வினா திருச்சபையை நோக்கியும் எழுகிறது. அது நம்மையும் தொடுகிறது என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டியது.

ஒரு சங்கத்தின் வரலாறு

1710இல் மரித்த கிறிஸ்டோபர் கோட்ரிங்டன், பார்படோஸ் தீவிலிருந்த தம் இரு கரும்புத் தோட்டங்களைச் சுவிசேஷம் பரப்பும் சங்கத்துக்கு உயில் எழுதி வைத்தார். அவற்றின் வருவாயைக் கொண்டு ஒரு கல்லூரி நிறுவப்பட வேண்டும். தோட்டங்களில் எப்பொழுதும் 300 அடிமைகளேனும் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. தொடக்க காலத்தில் அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்ற சொல் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டது.

1833இல் பிரிட்டானியப் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது ஈடு வழங்கியது உண்மையே. ஆனால் 2 கோடி பவுனாகிய அத்தொகை அடிமைகளின் உடைமையாளருக்கே சென்றது. கோட்ரிங்டன் தோட்டத்து 411 பேருக்காக இச்சங்கமும் 8,823 பவுனுக்கு மேல் பெற்றுக்கொண்டது. விடுதலை பெற்றோர் ஒரு காசும் பெறவில்லை. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரால் 1838 வரை அவர்கள் பழைய எஜமானருக்கே ஊதியமின்றி உழைக்கவும் நேர்ந்தது.

எஸ்.பி.ஜி. என்று நம் முன்னோர் அன்போடு அழைத்த சங்கம் இதுவே. 1820களில் தென்னிந்தியப் பணியை ஏற்றதும் இதுவே; கால்டுவெல் 1841 முதல் இதன் ஊழியராகவே இடையன்குடியில் பணியாற்றினார். தோட்ட வருவாய் கல்லூரிக்கென்றே குறிக்கப்பட்டிருந்தமையால், நம் ஆலயங்கள் அப்பணத்தால் எழுந்தன என்று நாம் சொல்வதற்கில்லை. ஆயினும் நமக்கு நற்செய்தியாளரை அனுப்பிய கையே மனிதரை உடைமையாகவும் பற்றியிருந்தது. நன்றியுள்ள பிள்ளைகள் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் தகும்.

மூன்று மறுப்புகள்

முதலாவது மறுப்பு: தீங்கிழைத்தவரும் தீங்குற்றவரும் மரித்துவிட்டனர், தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என எசேக்கியேல் 18 கூறுகிறதன்றோ? ஆம். ஆனால் அவ்வதிகாரத்தில் பிழைத்திருக்கும் மகன் யார் என்பதை நாம் கவனிப்பதில்லை. தகப்பன் செய்தவற்றைக் கண்டு, அவன் வழியில் நடவாது, பிறருடைய அடைமானத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாதவனே அவன். அடைமானத்தைத் திரும்பக் கொடுப்பதையே மனந்திரும்புதலின் அடையாளமாக 33ஆம் அதிகாரமும் காட்டுகிறது. குற்றம் மரபுரிமையாக வருவதில்லை, பொருள் வருகிறது. அதை அறிந்தும் வைத்துக்கொள்பவன் தகப்பனின் செயலைத் தன் செயலாக்குகிறான். தீங்குற்றவன் இறந்தாலும் கடன் இறப்பதில்லை என்பதற்கு எண்ணாகமம் 5 சான்று. முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும். பெற்றுக்கொள்ள உறவினன் இல்லையெனின் அது கர்த்தருக்குரியதாகிறது. எவ்வகையிலும் அது குற்றஞ்செய்தவனிடம் தங்குவதில்லை.

இரண்டாவது மறுப்பு: இத்துன்பத்தைப் பணத்தால் அளக்க இயலாது. உண்மை, ஆயினும் 1833இல் அளந்தனரே! ஏறத்தாழ 8 இலட்சம் பேர் வகை வகையாக மதிப்பிடப்பட்டனர். அதற்காக அரசு வாங்கிய கடனின் எச்சம் 2015இல்தான் தீர்ந்தது. உடைமையாளருக்கு அளக்க முடிந்தது, அடிமைக்கு மட்டும் அளக்க முடியாமற்போவது எங்ஙனம்? விடுதலையாகிறவனை வெறுங்கையாய் அனுப்பலாகாது என உபாகமம் 15 கட்டளையிடுகிறது; மந்தையிலும் களத்திலும் ஆலையிலுமிருந்து அவனுக்குக் கொடுக்கவேண்டும். ஏனெனில் அவை அவன் உழைப்பால் நிறைந்தவை.

மூன்றாவது மறுப்பு நம் பிரசங்க பீடங்களிலிருந்தே எழக்கூடியது: கிருபை கணக்குப் பார்ப்பதில்லை என்பது அது. ஆனால் சகேயுவின் வீட்டில் நிகழ்ந்தது யாது? இயேசு முதலில் அவன் வீட்டுக்குச் சென்றார். கணக்கு அதன் பின்னரே திறக்கப்பட்டது. நாலத்தனையாகத் திரும்பக் கொடுத்தது மீட்பின் விலையன்று, மீட்பின் கனி. மன்னிப்பது தீங்குற்றவரின் உரிமை. கடனாளி அதனைக் கேட்டு வாங்கிக் கடனுக்கு ஈடாக வைக்க இயலாது.

கனிகள்

2006 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை அடிமை வாணிகத்தில் தன் பங்குக்காக மன்னிப்புக் கோரியது. 2023 ஜனவரியில் அத்திருச்சபையின் நிதிப் பொறுப்பாளர்கள் 10 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தனர்; அதற்குத் திருச்சபைக்குள்ளேயே எதிர்ப்பும் எழுந்தது. அதே ஆண்டில் எஸ்.பி.ஜி.யின் வழிவந்த சங்கம், கோட்ரிங்டன் அறக்கட்டளையோடு இணைந்து 70 இலட்சம் பவுன் திட்டமொன்றை அறிவித்தது. சமுதாய மேம்பாடு, வரலாற்றுக் கல்வி, அடிமைகள் அடக்கம்பண்ணப்பட்ட இடங்களைப் பேணுதல், குடும்ப வரலாற்றாய்வு ஆகியன அதன் நோக்கங்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா இறையியல் கல்லூரி 2019இல் 17 இலட்சம் டாலர் ஒதுக்கி, அங்கு உழைத்த கறுப்பினத்தாரின் வழித்தோன்றல்களுக்கு 2021 முதல் வழங்கத் தொடங்கியது.

இழப்பின் பெருமைக்கு முன் இவை சிறியனவே. எனினும் இவை அறிக்கையோடு நின்றுவிடாமல் ஈட்டையும் தொடங்கியுள்ளன. ஒப்புரவைக் குறித்து நாம் நிறையப் பேசுகிறோம். ஈட்டைக் குறித்துப் பேசுவது அரிது. சகேயுவைப் பற்றி அடுத்த முறை பிரசங்கிக்கும் ஆயர், அவன் மரத்திலிருந்து இறங்கியதோடு நில்லாமல் அவன் கணக்கைத் திறந்தது வரை செல்வாராக.