தோட்டம் மூடினால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்?

இடுக்கி மாவட்டம் பீருமேட்டில் 2000-ஆம் ஆண்டு பீருமேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் மூடப்பட்டன. சம்பளப் பட்டுவாடா நின்றது. தொழிற்சாலையில் இயந்திரச் சத்தம் அடங்கியது. அடுத்தடுத்து அந்த வட்டாரத்தில் வேறு தோட்டங்களும் தள்ளாடின.

வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பாட்டன் காலத்தில் கங்காணியின் பின்னால் மலையேறி வந்த குடும்பங்கள். திரும்பிப் போக ஊரில் வீடும் இல்லை, காணி நிலமும் இல்லை. குடியிருந்த லயமும் கம்பெனிக்குச் சொந்தம்.

விலை ஏன் விழுந்தது?

இலங்கைத் தேயிலை வந்துதான் தோட்டம் மூடியது என்று மலையில் பலர் இன்றும் சொல்வார்கள். அது பாதி உண்மை. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபோதே, தென்னிந்தியத் தேயிலையை மொத்தமாக வாங்கிவந்த பெரிய வாடிக்கை கைவிட்டுப் போயிற்று. 1998 டிசம்பரில் இந்தியாவும் இலங்கையும் வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. 2000 மார்ச்சில் அது அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ இலங்கைத் தேயிலையைச் சலுகைத் தீர்வையில் அனுமதிக்க அதில் இடம் இருந்தது. உண்மையில் வந்தது அந்த அளவை எட்டவே இல்லை. ஆனால் ஏற்கனவே சரிந்து கிடந்த ஏலச் சந்தையில் அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. (அக்கரையில் கொழுந்து கிள்ளுபவர்களிலும் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்களே என்பது வேறு கதை.)

2001 ஏப்ரலில் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளையும் மத்திய அரசு நீக்கியது. ஈடாக, அந்த ஆண்டு பட்ஜெட்டில் தேயிலைக்கான தீர்வை 35 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது. அதற்கு முன்பே பீருமேட்டில் அடுப்பு அணைந்துவிட்டது.

அமெரிக்காவில் ஒரு சட்டம்

வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்ததால் வேலை போனால் தொழிலாளிக்கு அரசு கை கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கா 1962-லேயே சட்டம் செய்தது. 1974-ல் அதன் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. இறக்குமதியே காரணம் என்று அங்குள்ள தொழிலாளர் இலாகா சான்று அளித்தால், கூடுதல் காலத்துக்கு உதவித் தொகையும் புதுத் தொழிற்பயிற்சியும் கிடைத்தன. 2022 ஜூலை முதல் அங்கேயும் புதிய மனுக்களை ஏற்பது நின்றுவிட்டது.

இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் வந்ததே இல்லை. தேயிலை, காப்பி, ரப்பர், புகையிலை விலைச் சரிவுக்காக 2003-ல் 500 கோடி ரூபாயில் விலை நிலைப்படுத்தும் நிதி ஒன்று தொடங்கப்பட்டது. அது 4 ஹெக்டேர் வரை நிலம் வைத்திருந்த சிறு விவசாயிக்கு. நாள் கூலிக்குக் கொழுந்து கிள்ளியவளுக்கு அதில் இடம் இல்லை.

அவளுக்கு இருந்தது பழைய சட்டங்கள்தாம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி, நிறுவனம் மூடினால் ஒவ்வோர் ஆண்டு சர்வீஸுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்ட ஈடு. "நஷ்டம் வந்துவிட்டது" என்று கூறி முதலாளி அதைக் குறைக்கவும் முடியாது. பண நெருக்கடி மட்டும் தவிர்க்க முடியாத காரணம் ஆகாது என்று அந்தச் சட்டமே சொன்னது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுத் தொகுப்பிலும் 15 நாள் கணக்கு தொடர்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவரின் மறுபயிற்சிக்காக மேலும் 15 நாள் சம்பளத்தை முதலாளி செலுத்த வேண்டும் என்பது அதில் புதிது. கிராஜுவிட்டி இவற்றுக்குத் தனி.

காகிதத்தில் இத்தனை இருந்தும், கதவைப் பூட்டிவிட்டுப் போன முதலாளியிடம் வசூலிப்பது எப்படி? பீருமேட்டில் கிராஜுவிட்டி கைக்கு வராமல் லயத்தை விட்டு வெளியேறப் பலர் துணியவில்லை. ஒழுகும் கூரைக்கு மேல் பிளாஸ்டிக் விரித்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். தொழிற்சங்கங்கள் செடிகளைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுத்தன. கொழுந்தைக் கிள்ளி வெளித் தொழிற்சாலைகளுக்கு விற்று வயிறு கழுவினார்கள். சிலர் ஜீப்பில் ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். இளைஞர்கள் திருப்பூர் பஸ் ஏறினார்கள். கேரள அரசு மூடிய தோட்டத் தொழிலாளருக்கு இலவச அரிசியும் ஓணத்தையொட்டி உதவித் தொகையும் வழங்கியது. பண்டிகைக்கு உதவும், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு அது எட்டாது.

கஞ்சிக்கோட்டில் உள்ளவர்களுக்கு

பாலக்காடு பக்கம் நிலைமை சற்று வேறு. கஞ்சிக்கோடு, வாளையாறு வட்டாரத் தொழிற்சாலைகளில் இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படும் தொழிலாளிக்கு ஒரு வழி உண்டு. 2005 ஏப்ரலில் தொடங்கிய ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் திட்டப்படி, ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனால் வேலையில்லாப் படி கிடைக்கும். தொடக்கத்தில் அது ஆறு மாதத்துக்குப் பாதிச் சம்பளம் என்று இருந்தது. பின்னர் காலம் நீட்டிக்கப்பட்டது. குடும்பத்துக்கு மருத்துவமும் உண்டு. இறக்குமதியால் வேலை போயிற்றா, வேறு காரணமா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. தானாக ராஜினாமா செய்தவருக்கு மட்டும் கிடையாது.

சிக்கல் அங்கேதான். ஆலையை மூடும் நேரத்தில், "கணக்கு முடித்துத் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடு" என்று நீட்டப்படும் தாள் பல சமயம் ராஜினாமாக் கடிதமாகவே இருக்கும். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருப்பதால் பலர் படிக்காமலே கையெழுத்திட்டு விடுகிறார்கள். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே பேனாவைத் தொட வேண்டும். காண்ட்ராக்டர் மூலம் வேலை செய்பவர்கள், சம்பளத்தில் பிடித்த சந்தா தங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்பதை வேலை இருக்கும்போதே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இன்சூரன்ஸ் நம்பர், சம்பளச் சீட்டு, வேலை நீக்க உத்தரவு மூன்றும் கையில் இருக்கட்டும்.