கடலோர மனை மேடா, பள்ளமா? இலவச டேட்டா சொல்லுமா?

மாமல்லபுரம் பக்கம் மனை பார்க்கும் செங்கல்பட்டு நண்பர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நியாயமான கேள்வி. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ஓடம் ரேடார் மூலம் அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயர டேட்டா இலவசம். சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பதிவு செய்து டவுன்லோட் செய்திடலாம். 80 டிகிரி தீர்க்கரேகை இரண்டு ஊர்களுக்கும் நடுவே போவதால், இரண்டு பைல்கள் தேவை. (ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு ஊரைத் தேடாதீர்கள்!) இலவச கியூஜிஐஎஸ் சாப்ட்வேரில் இரண்டையும் திறந்து பாருங்கள்.

செங்கல்பட்டுக் குன்றுகள் அழகாகத் தெரியும். கடலோரத்தில்தான் சிக்கல். சவுக்குத் தோப்பின் உயரமும் தரையோடு சேர்ந்துவிடும்; பிழையே சில மீட்டர் வரும். அங்கே இரண்டு, மூன்று மீட்டர்தானே கேள்வியே? அட்வான்ஸ் கொடுக்குமுன் சர்வேயரை வைத்து மட்டம் பார்த்துவிடுங்கள்.